பங்களா நாடகத்தின் நடுவே உன் குரல்

என் பிரியமான மும்தாஜ் ஆபாவுக்கு,

உன் சலீம் வந்துவிட்டான். நீ போன பிறகு உனக்குச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் நல்ல சேதி இதுதான். தந்தி துபாய்க்குப் போய் அவன் கைக்குக் கிடைப்பதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். லீவு கிடைத்து இப்போதுதான் வர முடிந்தது. முன்பக்கம் முடி கொட்டியிருக்கிறது. நீ பார்த்திருந்தால் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவனைத் துரத்தியிருப்பாய்.

வந்த அன்றே உன் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை மேஜையிலிருந்து இறக்கித் துடைத்தான். அலமாரியில் இருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டான். நமக்கு நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர்தானே, எல்லாம் எனக்கும் கேட்டது. "அம்மி, நான் நல்லா இருக்கேன். இங்க வெயில் ஜாஸ்தி." அடுத்த கேசட்: "அம்மி, முழங்காலுக்குத் தைலம் குடுத்தனுப்பி இருக்கேன், ஒழுங்கா தேச்சிக்கோ." எதைப் போட்டாலும் அவன் குரல். உன் குரல் எதிலும் இல்லை.

எப்படி இருக்கும், ஆபா? நீ பேசி அனுப்புவாய். அவன் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் உன் பேச்சின்மேல் தன் பேச்சைப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். நீயும் அதையே திருப்பிச் செய்வாய். வளைகுடாவில் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் இந்த ஆம்பூரில் அதுதானே வழக்கம். கடைசியாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை அவன் பேசிய கேசட்டுகள். அவற்றுக்குப் பதில் பேச நீ இல்லை.

மறுநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றான். நீ எனக்கு அக்கா முறையில் ஆபா என்றால், நான் அவனுக்குச் சித்தி முறையில் காலா.

"காலா, அம்மி பேசின கேசட் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குதா?"

"என்கிட்ட எப்படிப்பா இருக்கும்?"

"ரெண்டு வார்த்தை இருந்தாகூட போதும் காலா. இருமினது, தும்மினது, எதுன்னாலும்."

"இல்லப்பா" என்று சொல்லிவிட்டேன். அவன் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த முறத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவன் போனதும் என் மருமகள் ரோஸ்லின் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ஷூ கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா அத்தே இப்படி சொல்லிட்டீங்க? அந்த பங்களா கேசட் இன்னாச்சு?"

"அது நாடகம்டி."

"நாடகத்துல ஆபா குரலும் சேந்துதான இருக்குது?"

"என் கூச்சலும்தான் இருக்குது."

"உங்க கூச்சல் அன்னைக்கே தெருவுக்கே கேட்டுது. அதுல புதுசா இன்னா?"

அவளுக்கு என்ன தெரியும்? ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாலும், மாதர் சங்கத்தில் நான் எழுந்து நின்று ஜெபம் பண்ணினால் டீச்சரம்மாக்களும் நர்சம்மாக்களும் தலை குனிந்து ஆமென் சொல்லுவார்கள். பேய்க்கதை கேட்டு நடுங்குகிறவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே பேசியவள் நான். அப்படிப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, உன் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொள்வேன். ரேடியோவில் வாரா வாரம் ஒலிபரப்பான அந்த மலை பங்களா நாடகம்தான் காரணம். உனக்குத்தான் தெரியுமே.

நாடகத்தில் அந்த பங்களா மாடியில் யாரோ நடக்கிற சத்தம் வந்தால் போதும், உன் கையைப் பிடித்துக்கொள்வேன். "அடியே ஞானம், வளையல் ஒடையுது, வுடு" என்பாய். ஊஞ்சல் தானாக ஆடினால் முந்தானையைக் காதில் அடைத்துக்கொள்வேன். அடைத்துக்கொண்டே, "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று உன்னையே கேட்பேன். "காத அடைச்சிக்கினு கேக்கறவள நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று நீ சிரிப்பாய். மாடியில் இருப்பது திருடனா, பேயா, அந்த வீட்டுப் பெரியம்மாவா என்று வாரம் முழுக்கச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசுவோம்.

கடைசிப் பகுதி வருகிற வாரம் நீதான் சொன்னாய், "இதப் புடிச்சி வெக்கலாம்டி. சலீமுக்கு அனுப்பலாம். அவனுக்கும் அங்க பேஜாராத்தான இருக்கும்." டூ-இன்-ஒன்னுக்குள்ளேயே ரேடியோ இருந்தது. ஆனால் ஒரு மிஷின் பாடிக்கொண்டே எப்படிக் கேட்டுப் பதியும் என்று நாம் இரண்டு பேரும் யோசித்தோம். கடைசியில் என் வீட்டுப் பழைய டிரான்சிஸ்டரைக் கொண்டு வந்து அதன் எதிரில் வைத்து, அதில் நாடகத்தைப் பாட விட்டு, இதில் சிவப்பு பட்டனை அமுக்கினோம். சும்மா உட்கார வேண்டும் என்று நீ சொன்னாய். நாம் சும்மா உட்கார்ந்தோமா?

பங்களாக் கதவு தட்டப்பட்டது. மழைச் சத்தம். ஒரு பெண் குரல், "உள்ளே வரலாமா?" என்று கேட்டது. அவ்வளவுதான். நான் எழுந்தேன், முக்காலி விழுந்தது, "ஐயோ ஏசுவே" என்று கத்திக்கொண்டு செருப்பைக்கூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடிவிட்டேன். சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாத உன்னைக் கட்டிலில் விட்டுவிட்டு.

மறுநாள் நீ தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாய். "நம்ம ஊழியக்காரம்மா ஓடிப்போச்சு. நான் ஜம்முனு சாஞ்சிக்கினு முழுசா கேட்டேன். பாதியில டீ வேணும்போல இருந்துது, போட்டுக் குடுக்கத்தான் ஆள் இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்து ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. பிறகு நீயே ஒரு நாள் அந்தக் கேசட்டை என் கையில் கொடுத்தாய். "இத நீயே வெச்சிக்கோ. உன் கூச்சல் உன்கிட்டயே இருக்கட்டும். ஒரு தரம் போட்டுக் கேளு" என்றாய். கேலி செய்கிறாய் என்று நினைத்துப் பெட்டியின் அடியில் போட்டேன். நீ இருந்தவரைக்கும் கேட்கவே இல்லை.

ஆபா, நீ அதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாயா?

அன்று சாயங்காலம் ரோஸ்லின் கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண்ணிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி வந்தாள். "கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, குடுக்கலாமா வேணாமான்னு" என்றாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டோம். என் கூச்சல் வந்தது. ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முக்காலி விழுந்தது. என் காலடிச் சத்தம் வாசல் தாண்டிப் போயிற்று. அதோடு முடிந்தது என்று அணைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே ஞானம்!" என்று நீ சிரித்துக்கொண்டே கூப்பிட்டாய். இன்னொரு முறை கூப்பிட்டபோது சிரிப்பு இல்லை. மூன்றாவது முறை பயந்துபோய்க் கூப்பிட்டாய். நாடகத்தில் காற்று ஊளையிட்டது. "யா அல்லா, அத அணைக்கக்கூட எட்டலியே" என்றாய். அப்புறம் "சலீம்" என்றாய். பக்கத்து அறையில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, "சலீம், ஜல்தி வா பேட்டா" என்றாய்.

நீ பயந்தாய், ஆபா. சாய்ந்துகொண்டு கேட்டேன் என்று ஊருக்குச் சொன்ன நீ.

அந்தப் பெண் குரல் மறுபடியும் "உள்ளே வரலாமா?" என்றது. நீ மெதுவாக, நிஜமாகவே வாசலில் யாரோ நிற்கிற மாதிரி, பதில் சொன்னாய். "வாம்மா. கதவு தெறந்துதான் இருக்குது. யாரா இருந்தா இன்னா? வந்து உக்காரு. இந்த வூட்டுக்கு ஆள் வந்து ரொம்ப நாளாச்சு."

ரோஸ்லின் சிரிக்கவில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை. நாடகம் முடிந்து விளம்பரம் வரும்வரை நீ அந்தப் பேயோடு பேசிக்கொண்டிருந்தாய். முழங்கால் வலியைப் பற்றி. பேரணாம்பட்டில் அம்மா வீட்டில் இருக்கிற மருமகள் பர்வீன் பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை என்று. என்னைப் பற்றியும் சொன்னாய். "பக்கத்துலதான் இருக்கறா, நல்லவதான், வந்தா உக்கார மாட்டா. வாரத்துல ஒரு நாள் வருவா, நாடகம் முடிஞ்சா போயிடுவா."

வெட்கமாக இருக்கிறது, ஆபா. நான் ஓடியதற்கு நீ என்னை மன்னித்து, சிரித்தும் தீர்த்தாய். நான் உட்காராததற்கு நீ ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. நாடகம் முடிந்ததும், "அடுப்புல உலை வெச்சிட்டு வந்தேன்" என்று ஒவ்வொரு வாரமும் எழுந்திருப்பேன். எந்த வாரம் உலை வைத்தேன்? ஒரு வாரமும் இல்லை.

அதன் பிறகும் கேசட்டைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். ரோஸ்லினிடம் நியாயம் பேசினேன். "அவ பயந்தது அவ புள்ளைக்குத் தெரிய வேணாம்டி. அவளுக்கு மானம் பெருசு. அந்தப் புள்ளையும் ஒடஞ்சி போயிடுவான்."

ரோஸ்லின் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆபா மானம் போவுதுன்னு சொல்றீங்களா, உங்க மானம் போவுதுன்னா அத்தே?"

"வாய மூடுடி" என்றேன். மூடிக்கொண்டாள். அவள் கேட்டது மட்டும் என்னை விடவில்லை. உன் குரல் இருக்கிற இடத்தை மட்டும் எடுத்து, என்னைப் பற்றி நீ சொன்னதை அழித்துவிட முடியுமா என்று டேப் ரெக்கார்டர் பட்டன்களைத் தடவிப் பார்த்தேன் என்றால் நீ நம்புவாயா? செத்தவள் பேச்சை அழிக்கப் பார்த்தேன். சங்கத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று ஜெபம் பண்ணுகிறவள்.

நேற்று மத்தியானம் கேசட்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். சலீம் தனியாக இருந்தான்.

"என்கிட்ட இல்லன்னு பொய் சொன்னேன்பா. இருக்குது. உங்கம்மா மட்டும் இல்ல, நானும் இருக்கேன். நான் ஓடறது இருக்குது. அதுக்கு அப்புறம் உங்கம்மா தனியா பேசினது இருக்குது. கேக்கறதுக்குக் கஷ்டமா இருக்கும். கேக்கறதும் வுடறதும் உன் இஷ்டம்."

"உக்காருங்க காலா" என்றான்.

நாம் டிரான்சிஸ்டரை எதிரில் வைத்துப் பதிந்ததைச் சொன்னபோது அவனுக்கு முதலில் புரியவில்லை. "இதுலயே ரேடியோ இருக்குதே காலா. உள்ளுக்குள்ளயே பதிஞ்சிருக்கும்" என்றான். பிறகு அவனே, "அப்படி பதிஞ்சிருந்தா அம்மி குரலே வந்திருக்காது" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கேசட்டைக் கையிலேயே வைத்திருந்தான்.

போட்டான். என் கூச்சல் வந்ததும் சத்தமாகச் சிரித்தான், உன்னைப் போலவே. நீ அவனைக் கூப்பிட்ட இடம் வந்தது. சிரிப்பு நின்றது. நீ வாசலில் நின்றவளை உள்ளே கூப்பிட்டாய், என் கதையைச் சொன்னாய். எனக்கு எழுந்து போய்விட வேண்டும் என்று இருந்தது. அவன் கேசட்டை நிறுத்தினான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலா, அன்னைக்கு அதுக்கப்புறம் நீங்க திரும்பி வந்தீங்களா?"

"வரலப்பா. மறுநாளும் வரல."

"நானும்தான் காலா" என்றான்.

அவன் மறுபடியும் பட்டனை அமுக்கினான். நீ பேசி முடிக்கும்வரை இரண்டு பேரும் கேட்டோம். சாயங்கால பாங்கு சொல்லும்போதுதான் நான் வீட்டுக்கு வந்தேன்.

கேசட் இனி அவனுடையது. மேல்பக்கத்து இரண்டு மூலையிலும் இருந்த சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டான், அதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாதாம். இந்தக் கடிதத்தை ரோஸ்லின் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்திருக்கிறாள். மாதர் சங்கத்து மலரில் போடச் சொல்லப் போகிறேன். நான் யாருக்கெல்லாம் விசுவாசம் குறைவு என்று பேசினேனோ, அவர்கள் எல்லாரும் படிக்கட்டும். கதை கேட்டுப் பயப்பட்டது எனக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. பயந்தவளை விட்டுவிட்டு வந்ததைத்தான் அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும்.

சலீம் அடுத்த வாரம் துபாய்க்குத் திரும்புகிறான். அவன் கேட்டுக்கொண்டதால் பர்வீனும் குழந்தையும் இனி உன் வீட்டில்தான் இருக்கப் போகிறார்கள். புது இடம், அந்தப் பெண் யாரோடும் அதிகம் பேசாது. ஆபா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாடகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளிடம் போவேன். அடுப்பில் உலை இருக்கிறது என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். "போதும் காலா, போய்ப் படுங்க" என்று அவளே சொல்லும்வரை உட்கார்ந்திருப்பேன்.

உட்காரக் கற்றுக்கொள்ள இத்தனை வயதான,
உன் தங்கச்சி
ஞானம்மா