சயாமுக்கு ஆள் சேர்த்த பாட்டு

நீ போய் நாற்பத்தோரு நாளாகிறது. நேற்றுச் சாயங்காலம் தொலைக்காட்சியில், அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடக்கும் பழைய விடுதிப் பள்ளி ஒன்றைக் காட்டினார்கள். அதன் பாடகர் குழு மூன்று வரிசையாக நின்று பாடியது. முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை.

அப்படி ஒரு பள்ளியைப் பற்றித்தான் மலாக்கா காஜா பெராங் விடுதியில் நம் மேட்ரன் அம்மா சொல்வார். அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்ப் பாடி, கிடைத்ததைக் கொண்டு தங்கள் பள்ளிக்குக் கூரை போட்டார்களாம். "அதுங்க பாடி நிமிந்துச்சுங்க. நீங்களும் பாடுங்க" என்பார். அவர்களுடைய இசைத்தட்டு ஒன்று அவரிடம் இருந்தது. சொல் விளங்காமலே அதைக் கேட்டுக் கேட்டுக் கற்றோம். பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். எனக்கு யாருமில்லை. உனக்கு அப்பா மட்டும், ஜாசின் பக்கம் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். லாரியில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினோம். ஜனங்கள் அரிசியும் கருவாடும் கொடுத்தார்கள். விடுதி அதில்தான் நடந்தது.

ஜப்பான்காரன் வந்ததும், வெள்ளைக்காரன் பாட்டு என்று சொல்லி அந்தத் தட்டை உடைத்தார்கள். அது வெள்ளைக்காரன் பாட்டில்லை என்று மேட்ரன் அம்மா சொன்னார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

குழுவை மட்டும் கலைக்கவில்லை. இரண்டு ஜப்பானியப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்து மறுபடி லாரியில் ஏற்றினார்கள். நாம் பாடினால் கூட்டம் சேரும். சேர்ந்ததும், கூட வந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் தமிழ்க் கிராணி பேசுவார். "சயாம்ல ரயில் ரோடு போடுற வேல. மூணே மாசம். சாப்பாடு, துணி எல்லாம் குடுப்பாங்க." பேர் கொடுத்தவர்களை அடுத்த வாரம் வந்து ஏற்றிப்போவார்கள். முதலில் நமக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் போயும் ஒருவரும் திரும்பவில்லை. தெரிந்த பிறகும் பாடினோம்.

செமாபோக் சாலையில் ஒரு பெண் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாடுன அன்னிக்குத்தான் எங்க வூட்டுக்காரரு பேர் குடுத்தாரு. எப்ப வருவாரு, புள்ள?" அன்று நீ கஞ்சி குடிக்கவில்லை.

அடுத்தது உன் அப்பா இருந்த தோட்டம். மகள் பாடுவதைப் பார்க்க, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார். முதல் பாட்டின் நடுவில் நீ நிறுத்தினாய்.

"போவாதீங்க! போனவங்க யாரும் திரும்பி வரல! அப்பா, பேர் குடுக்காதப்பா!"

சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் உன் காதோரம் அடித்தான். விழுந்தாய். ஓடிவந்த உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பாடுங்கடி, நிறுத்தாதீங்க" என்றார் மேட்ரன் அம்மா. பதினோரு பேரும் பாடினோம். உன் கழுத்தில் ரத்தம் இறங்குவதைப் பார்த்தபடி, நான் இரண்டாம் சரணத்தைச் சுருதி தப்பாமல் பாடி முடித்தேன்.

அன்று அங்கே ஒருவரும் பேர் கொடுக்கவில்லை. உன் அப்பாவை மட்டும் நாம் வந்த லாரியிலேயே ஏற்றினார்கள். மலாக்கா வரைக்கும் உன் தலை அவர் மடியில் இருந்தது. "வலிக்குதாம்மா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். விடுதி வாசலில் உன்னை எங்களிடம் இறக்கிக் கொடுத்தார். லாரி அவரோடு போய்விட்டது.

அவர் வரவில்லை. உன் இடது காதில் கேட்கும் திறனும் திரும்பவில்லை. சண்டை முடிந்து, நாம் இருவரும் உஜோங் பாசிரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஐம்பது வருஷம் இருந்தோம். மீன் வாங்கினோம், கல்யாணங்களுக்குப் போனோம். அந்த நாளைப் பற்றி ஒரு தடவைதான் கேட்டேன். "என் மேல கோவமில்லையா உனக்கு?" நீ கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, "என்ன சொன்ன?" என்றாய். என்னால் இரண்டாம் முறை கேட்க முடியவில்லை.

உன் அடக்கத்துக்கு எனக்குத் தெரியாத ஒரு குடும்பம் வேனில் வந்திருந்தது. அவர்களில் வயதான ஒரு பெண் என் அருகில் உட்கார்ந்தாள்.

"இந்தம்மா கத்தப் போயிதான் எங்க லயத்து வீட்டுச் சனமே காட்டுக்குள்ள ஓடிச்சு. மறுநாளு புடிச்சிட்டுப் போவ லாரி வந்தப்ப ஆளே இல்ல. எங்கப்பா பொழச்சாரு. நீங்களும் அந்தக் குழுதானா?"

"ஆமா."

"இவங்கள அடிச்சப்ப நீங்க என்னா பண்ணீங்க?"

"பாடினேன்" என்றேன்.

அவள் தன் கையை என் கைமேல் வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள்.

அந்த ஜப்பானியப் பாட்டின் இரண்டாம் சரணம் இன்றும் ஒரு சொல் விடாமல் எனக்குத் தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்று இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.