உங்கள் அகராதியில் இல்லாத வினை

எனக்குக் காது மந்தம், அதனால்தான் நீங்கள் கடைசியாகச் சொன்னது காதில் விழவில்லை என்று உங்கள் தங்கை அரியலூர் முழுவதும் சொல்லி வருகிறாள். எனக்கு நல்லது செய்வதாக நினைப்பு. அது தவறு. நன்றாகவே விழுந்தது.

இன்று காலை உங்கள் நாவலின் மெய்ப்பு அச்சகத்திலிருந்து வந்தது. மை வாசனை போகாத தாள்கள். முப்பது ஆண்டுகள் சிமெண்ட் ஆலைக்குப் போய்வந்த மனிதர் நீங்கள்; வீடு திரும்பியதும் இல்லாத ஒரு தீவுக்கு மொழியும் இலக்கணமும் எழுதினீர்கள். நான் சிவப்பு மையால் திருத்தினேன். கடைசிப் பக்கத்தில் அந்த மொழியின் சொற்பட்டியல். 'லூமிர்' என்ற வினைக்கு நேரே 'கேட்டல். கேட்டபடி செய்தல்' என்று இருக்கிறது. அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

அந்தச் சொல்லுக்காக ஒரு வாரம் சண்டை போட்டோம். "கேக்கறது வேற, செய்யறது வேறங்க. ரெண்டு வினை வேணும்" என்றேன்.

"தமிழ்ல மட்டும் என்ன வாழுதாம்? 'சொன்னாக் கேளு'ன்னா காதைத் தீட்டிக்கிட்டு சும்மா உக்காருன்னா அர்த்தம்?"

"தமிழ்ல 'கேட்டேன், செய்யலை'ன்னு சொல்ல முடியும். உங்க தீவுல ஒரு பொம்பளை அதை எப்படிச் சொல்லுவா?"

"அங்கதான் அப்படி ஒருத்தியும் கிடையாதே, கான்வென்ட்டு. அதுக்குத்தானே தீவு" என்று, கான்வென்ட்டில் படித்தவள் என்று என்னை வழக்கம்போல் கேலி செய்து சிரித்தீர்கள்.

பிறகு அந்தக் காலை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தீர்கள். "திருச்சிக்கெல்லாம் வேணாம். வூட்டுலயே இருந்துட்டுப் போறேன். என்னைத் தூக்காதே" என்றீர்கள். இரண்டு முறை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். திருச்சி வழியில் கீழப்பழுவூர் வரை என் விரலைப் பிடித்திருந்தீர்கள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் கூரையையே பார்த்தீர்கள். ஊரைத் தாண்டியதும் பிடி தளர்ந்தது.

செவிடு என்ற மன்னிப்பு எனக்கு வேண்டாம். நீங்கள் பிழைக்க வேண்டும் என்றுதான் செய்தேன். இன்று நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் நம் கட்டிலில் போகக் கேட்ட உயிரை நடுரோட்டில் போகவிட்டேன் என்பதையும் தினமும் சுமக்கிறேன்.

நாளை தாள்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். லூமிருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது: காதில் விழுந்தும், அன்பினால் மீறுவதற்கு ஒரு வினை. உங்களைக் கேட்காமல் உங்கள் எழுத்தில் ஓர் ஒற்றெழுத்தைக்கூட நான் சேர்த்ததில்லை. இதை நானே சேர்த்தால் எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டதாகும்.

அன்று நீங்கள் என்னைப் பார்க்காதது வலியாலா, கோபத்தாலா? எழுத்தில் பதில் தாருங்கள்.