அவிழ்க்க மறந்த கட்டு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறதே என்று பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன். அப்பா எழுதித் தருகிறேன் என்றார், அவர் எழுதினால் பாதியைத் தன் கருத்தாக்கிவிடுவார் என்று வேண்டாம் என்றுவிட்டேன். தையல் பிரித்தாயிற்று. போன இரண்டு விரலும் இன்னும் அரிக்கின்றன, இல்லாத இடத்தை எங்கே சொறிவது சொல்.

விசாரணையில் என்ன ஆயிற்று என்று போனில் மூன்று தரம் கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். "அவளைச் சும்மா விடாதீங்கம்மா" என்றாய். விட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு, அதில் கை பட்டால் மிஷின் நின்றுவிடும். துணி பட்டாலும் நிற்கும். அது தொல்லை என்று, என்னோடு எட்டு வருஷமாக வேலை பார்க்கிற சிரிப்புக்காரி, ஒரு கிழிசல் துணியால் கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவாள், என் முறை வருவதற்குள் அவிழ்த்துவிடுவாள். அன்றைக்கு மறந்துவிட்டாள். நான் கம்பியை நம்பிக் கையை நீட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடினால் அவள் கை உருளைக்குள் போவதைத்தான் பார்ப்பேன், நல்லா வேணும் என்று நினைப்பேன், அது சுகமாகவும் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். கண்ணைத் திறந்தால் என் கைதான் மூட்டையாகக் கிடக்கும். இன்னொன்றும் உறுத்தியது. முந்தின நாள் வரை அதே கட்டினால் வந்த வேகத்துக்குத்தான் மேற்பார்வையாளர் அவளைக் கெட்டிக்காரி என்றார். கட்டும் அதேதான், அவளும் அதே ஆள்தான், என் விரல் போயிருக்காவிட்டால் இன்றைக்கும் கெட்டிக்காரிதானே.

விசாரணை அறையில் மேலாளர், "நீங்களே சொல்லுங்கம்மா, இவங்களை வேலையை விட்டு அனுப்பிடலாமா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "அனுப்பிடுங்க சார், எனக்கு நல்லா வேணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தண்டனையை வாங்கிக்கொண்டு இவள் பாரத்தை இறக்கிவிட்டுப் போகப் பார்க்கிறாள், நான் மட்டும் சுமக்கவா என்று தோன்றியது. "வேணாம், அந்த உருளைகிட்டயே நிக்கட்டும், கம்பி சரியா இருக்கான்னு தினமும் அவளே பார்க்கட்டும்" என்றேன். பெரிய மனசு என்று எல்லாரும் கும்பிடாத குறை. அவள் மட்டும் ஏமாறவில்லை, அவள் பார்வையிலேயே தெரிந்தது. இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் வந்து எனக்குத் தலை பின்னிவிடுகிறாள், நான் பேசுவதில்லை, அவள் சிரிப்பதும் இல்லை. நேற்று, "கொஞ்சம் இறுக்கிப் பின்னு" என்றேன். பதினைந்து நாளில் முதல் வார்த்தை. அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அழுதாள், நான் அரைப் பின்னலோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் போனை எடுத்து நீ அனுப்பிய செய்தியைக் காட்டினாள். "உன் கையும் போகணும்" என்று அவளுக்கு எழுதியிருக்கிறாய். ஏன் அழிக்கவில்லை என்றால், "நியாயந்தானே அக்கா" என்கிறாள். என் மனதில் ஓடியதைத்தான் நீ எழுதியிருக்கிறாய், உன்னை எந்த வாயால் திட்டுவேன். ஆனால் அவள் அதைத் தினமும் படிக்கிறாள் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு துளி ஆறுதலும் வரவில்லையடா.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மறக்காமல் அவளுக்கு இன்னொரு செய்தி அனுப்பு. மன்னித்தேன் என்றெல்லாம் எழுதாதே, எனக்கே வராதது உனக்கு எங்கிருந்து வரும். அம்மாவுக்கு இன்னைக்குத் தலை பின்னிவிட்டீங்களா என்று கேள், போதும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா