வாலுதான் அழுத்திடுச்சு

அன்புச் செல்வம் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதலாம், அது பாதி உண்மை. தினமும் போனில் பேசுகிற அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று பதறாதே. போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? இப்போது நம் வாலு நாயைக் குளிப்பாட்ட மாடிக்குப் போயிருக்கிறார். தண்ணீர்ச் சத்தம் நின்றால் நானும் பேனாவை மூடிவிடுவேன்.

அன்றைக்கு வீடியோவில் காரைப் பார்த்துவிட்டு, பின் கண்ணாடியில் என்னம்மா பிளாஸ்டிக் தாள் என்று கேட்டாய். ரோட்டில் கல் தெறித்தது என்றேன். கல்தான். ஆனால் தெறிக்கவில்லை. நாங்களே எடுத்துப் போட்டது.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். மழைக்காலம் முடிந்த சமயம், வாலுவைத் தடுப்பூசிக்கு அழைத்துப் போனோம். வழக்கம்போல அது பின்சீட்டில் நின்றுகொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஊரையே விலைக்கு வாங்கப் போகிறவன் மாதிரி வந்தது. திடீரென்று கண்ணாடி தானாக மேலே ஏறுகிறது! அதன் காலே கதவுச் சுவிட்சில் பட்டிருக்கிறது. கழுத்து மாட்டிக்கொண்டு வீல் வீல் என்று கத்தியது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் வண்டியை ஓரம் கட்டி, மறு கையால் தன் பக்கத்துச் சுவிட்சை அழுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பாட்டில் மூடி ஒன்றை வெட்டி அந்தச் சுவிட்சுக்குத் தொப்பி மாதிரி ஒட்டினார். “ஏண்டா, தூக்குல தொங்கப் பாத்தியா?” என்று வாலுவைக் கொஞ்சிக்கொண்டே ஒட்டினார். அன்றைக்குத் தப்பு முழுக்க நாயுடையதுதான். அதுதான் வினையாகிப் போனது.

அதற்குப் பிறகு காரில் எது நடந்தாலும் வாலு மேல் போட ஆரம்பித்தார். காலையில் வண்டி கிளம்பாது, பேட்டரி செத்துக் கிடக்கும். பார்த்தால் உள்விளக்கு இரவெல்லாம் எரிந்திருக்கும். “வாலுதான் மூக்கால அழுத்திடுச்சு” என்பார். இன்னொரு நாள் ஹெட்லைட். அதையும் வாலுதான் என்றார். ஹெட்லைட் சுவிட்ச் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிறது, முந்தின நாள் நாய் வண்டியிலேயே ஏறவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். வயதான காலத்தில் மறதி யாருக்குத்தான் இல்லை? நானே மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவள்தானே.

பிறகு ஒரு நாள், எங்கேயோ ஒயர் எர்த் ஆகி பேட்டரி வீணாகிறது, கண்டுபிடித்தே தீருவேன் என்று டாஷ்போர்டைக் கழற்றினார். உனக்குத் தெரியுமே, பஸ் டிப்போவில் இருந்த காலத்தில் இருட்டிலேயே ஒயரைத் தடவிப் பார்த்துப் பழுது சொன்னவர். அந்த மனுஷன் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. போய்ப் பார்த்தேன். மடி நிறைய ஒயரோடு உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, “இந்தப் பச்சை எங்கே போகும்?” என்று கேட்டார். என்னிடம் கேட்டார், குட்டிம்மா. ஃபியூஸ் போனால் கரண்ட் ஆபீசுக்கு போன் போடுகிற என்னிடம்.

தண்ணீர் நின்றுவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

அப்பா கடைக்குப் போயிருக்கிறார். தெருமுனைக் கடைதான், வாலுவும் கூடப் போயிருக்கிறது. அதனால் பயமில்லை. அதற்கு வீடு தெரியும்.

எங்கே விட்டேன்? ஆமாம், டாஷ்போர்டு. நம் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்தவர் அப்பாவுக்கு மனம் நோகாமல், “சாருக்குத் தெரியாததா, நான் சும்மா கை கொடுக்கறேன்” என்று சொல்லியே எல்லாவற்றையும் மாட்டினார். போகும்போது வாசலில் என்னிடம் மட்டும், “வண்டியில ஒண்ணும் இல்லம்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். வேலை தெரியாதவன் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினேன். பாவம், அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?

இனிதான் கண்ணாடி விஷயம். உன் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது இல்லையா, அவனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். வாலுவை விட்டுப் போக ஆள் இல்லை, அதையும் ஏற்றிக்கொண்டோம். வழியெல்லாம் அப்பா கலகலப்பாகத்தான் வந்தார். நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

நல்ல உச்சி வெயில். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லி, நான் பாத்ரூம் போனேன். வந்து பார்த்தால் அப்பா வெளியே நின்று கதவுப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருக்கிறது. உள்ளே வாலு சீட்டுக்குச் சீட்டு தாவிக் குரைக்கிறது. “சாவி உள்ளே மாட்டிக்கிச்சு. வாலுதான் லாக்கை அழுத்திடுச்சு” என்றார். நான் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தேன். சாவி போடுகிற இடத்தில் சாவி இல்லை. கீழே விழுந்திருக்கும் என்றார்.

பெட்ரோல் போடுகிற பெண் ஓடிவந்தாள். ஒரு லாரி டிரைவர் கம்பியை வளைத்துக் கண்ணாடி இடுக்கில் விட்டுப் பார்த்தார். பிடிபடவில்லை. அப்பா மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, லாக் மோட்டார் ஷார்ட் ஆகிவிட்டது, மாற்றச் சொன்னேன் யார் கேட்டார்கள் என்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் குரைப்பு நின்றது. எட்டிப் பார்த்தால் சீட்டுக்குக் கீழே படுத்துவிட்டது. நாக்கு முழுக்க வெளியே தொங்க, வாயெல்லாம் நுரை. என்னைப் பார்த்தது, ஆனால் வாலை ஆட்டவில்லை.

நான்தான் கல்லை எடுத்தேன். எனக்கு உடைக்கத் தெம்பில்லை, லாரி டிரைவர் வாங்கி உடைத்தார். உடைத்ததும் ஹாரன் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலற ஆரம்பித்தது. வாலுவைத் தூக்கி நிழலில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அப்பா துணியை நனைத்து அதன் முகத்தைத் துடைக்க, பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தார். கைக்குட்டையோடு சாவியும் வந்து விழுந்தது.

ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. லாரி டிரைவர் சாவியை எடுத்து ஒரு அழுத்து அழுத்தினார், சத்தம் நின்றது. சாவியை அப்பாவிடம் நீட்டப்போனவர், என்ன நினைத்தாரோ, என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளேயிருந்து பூட்டினால் அந்த ஹாரன் அடிக்காது. சாவியால் பூட்டியிருந்தால்தான் அடிக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உன் அப்பாதான்.

அவர் தலை குனிந்து வாலுவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப மெதுவாக, “வாலுதான் அழுத்திடுச்சு, இல்லே?” என்றார். “ஆமாங்க” என்றேன். வேறென்ன சொல்ல?

உன் மாமா மகன் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு எங்களை வீட்டில் விட்டான். நாய்க்கு டாக்டர் ஊசி போட்டார், இப்போது பழையபடி செருப்பைக் கடிக்கிறது. நீ கவலைப்படாதே. காரைக் கண்டால் மட்டும் வாசல் கேட் பக்கமே வருவதில்லை.

சாவியை என் தையல் பெட்டியில் ஒளித்து வைத்தேன். அவர் கேட்டால் என்ன சொல்வது என்று நாலு விதமாகப் பதில் யோசித்து வைத்திருந்தேன். இன்று வரை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசும் ஆறியிருக்கும். காலையில் எழுந்து போய்க் காரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, டயரை உதைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒளிந்து விளையாடிக்கொண்டிருக்கிறோம்.

டாக்டரிடம் போகலாம் என்று ஜாடையாகச் சொன்னேன். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்று எழுந்து போய்விட்டார். உன் மாமா, போனிலேயே குட்டிம்மாவை விட்டு அவரிடம் பேசச் சொல் என்கிறான். போனில் வேண்டாம் கண்ணு. தூரத்திலிருந்து பெண் புத்தி சொன்னால் அவர் உடைந்துபோவார். இதற்குக் கடிதமும் போடாதே. தபால் வந்தால் முதலில் ஓடிப்போய் எடுப்பது அவர்தான்.

அங்கே உனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும், தெரியும். இருந்தாலும் கொஞ்ச நாள் லீவு கேட்டுப் பார். சும்மா ஆசைப்பட்டு வந்த மாதிரி வா. வந்ததும் டாக்டர், மருந்து என்று ஆரம்பிக்காதே. முதலில் சாவியை என்னிடம் வாங்கிக்கொண்டு, “அப்பா, நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து வழி சொல்லுங்க” என்று கூப்பிடு. உன்னை அவர் மறுக்கமாட்டார். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் தப்பான வழி சொன்னாலும் உடனே திருத்திவிடாதே, கண்ணு. கொஞ்ச தூரம் அவர் சொல்கிற வழியிலேயே போ.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா