சாயோவின் சரிபார்ப்பு

நவம்பர் 9, 2058. காலை. லடாக் கணினிக் கூடம்.
குளிரூட்டம் சீர். மின்சாரம் சீர். கணவாய்ச் சாலை மூடிவிட்டது. பனி உருகும்வரை இங்கே நான் ஒருத்திதான். பெயர் தேனம்மை, முனைவர் பட்டம் பெற்ற நிரலாளர். ஜப்பான், ஜெர்மனி, இந்தியா மூன்றும் சேர்ந்து எழுதிய புயல் கணிப்பு மென்பொருளுக்கு இது கடைசிச் சோதனை வாரம்.
இதைப் படிப்பவருக்காக: இங்குள்ள பல லட்சம் செயலிகளில் சில எப்போதும் செயலிழந்துகொண்டே இருக்கும். விட்டுப்போன கணக்கை என் நிரல் ஊகித்து நிரப்பும். அந்த ஊகம் சரியா என்று தோக்கியோவில் கிமுரா சாயோ எழுதிய நிரல் சரிபார்க்கும்.

நவம்பர் 10. மாலை.
ஜெர்மன் குழுவிடமிருந்து கடிதம். இந்தியப் பகுதி மெதுவாக ஓடுகிறதாம், வேகம் கூடாவிட்டால் வேறு நாட்டுக்குக் கொடுத்துவிடுவார்களாம். நான்கு ஆண்டு உழைப்பு.
சாயோவின் சரிபார்ப்பைத் தற்காலிகமாக நிறுத்தினேன். வேகம் இரட்டித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சோதனை முடிந்ததும் திரும்ப இயக்கிவிடலாம்.

நவம்பர் 12. காலை.
எல்லாரும் பாராட்டுகிறார்கள். வங்கக் கடலில் உருவாகும் புயல் வடக்கே விலகும் என்று கணிப்பு. அதை நம்பி ஆய்வுக் கப்பல் தூத்துக்குடியிலிருந்து கிளம்பியது. கடலில் அளவீட்டு மிதவைகளை இறக்க சாயோவும் அதில் போகிறாள். 'நம் இருவர் நிரலும் முதல்முறையாகச் சேர்ந்து கடலுக்குப் போகின்றன' என்று எழுதியிருந்தாள்.
அப்போது சொல்லியிருக்கலாம். வாழ்த்து அனுப்பினேன்.

நவம்பர் 14. காலை.
கப்பலிலிருந்து குரல் அழைப்பு. கேப்டன் ரெமிஜியுஸ் கல்தான் பேசினார்.
"டாக்டரம்மா, புயல் வடக்க போவுதுன்னுதான சொன்னீங்க? இங்க கடல் ஒரு மாதிரியா இருக்கு. திரும்பட்டுமா, நிக்கட்டுமா?"
"கொஞ்சம் பொறுங்க கேப்டன். பாத்துச் சொல்றேன்" என்றேன்.
திரும்பிவிடுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரிபார்ப்பை இயக்கி, கணிப்பை மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். ஒருவேளை பழைய விடையே வரலாம்.

அதே நாள். மதியம்.
வரவில்லை. என் நிரல் ஊகித்து நிரப்பியவற்றில் ஒரு பிழை. அது பக்கத்துக் கணக்குகளுக்கும் பரவியிருக்கிறது. புயல் வடக்கே போகவில்லை. நேராகக் கப்பலை நோக்கி.
அழைக்கிறேன். இணைப்பு இல்லை.

அதே நாள். மாலை.
கிடைத்தது. பாதி இரைச்சல்.
"கேப்டன், கணக்கு தப்பு. புயல் உங்க மேலதான் வருது. சரிபார்ப்பை நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன்."
அவர் திட்டவில்லை.
"இத காலையிலேயே சொல்லிருக்கலாம்லம்மா. சரி, சாயோவையும் மத்தவங்களையும் படகுல ஏத்துதேன்."
இணைப்பு அறுந்தது.

நவம்பர் 15.
அழைக்கிறேன். பதில் இல்லை. சாப்பிடவில்லை. இயந்திரம் பிழையின்றி ஓடுகிறது.

நவம்பர் 16. காலை.
உயிர்காப்புப் படகைக் கடற்படை கண்டுபிடித்துவிட்டது. சாயோ உயிரோடு இருக்கிறாள், இன்னும் ஒன்பது பேரும். கப்பலைத் திருப்ப மேல்தளத்திலேயே நின்ற கேப்டனும் இரண்டு மாலுமிகளும் இல்லை. சரிபார்ப்பை நிறுத்தியதாக நான் சொன்னதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

நவம்பர் 16. மாலை.
மருத்துவமனையிலிருந்து சாயோவின் செய்தி:
"தேனம்மை, உன் பிழையைப் பிடிக்க வேண்டியது என் சரிபார்ப்பு. அது பிடிக்கவில்லை. எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. மூன்று பேர் போய்விட்டார்கள். பொறுப்பு என்னுடையது என்று விசாரணைக் குழுவுக்கு எழுதிவிட்டேன். உன் நான்கு ஆண்டு உழைப்பையும் கெடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு."
பதில் எழுதத் தொடங்கினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். முழுதாக, எல்லாவற்றையும். அதையும் அழித்தேன்.
அனுப்பிய பதில்: "அதையெல்லாம் இப்போது நினைக்காதே, சாயோ. உடம்பைப் பார்த்துக்கொள்."