கொடியில் காய்ந்த கப்பல்

மார்ச் 4

இன்று முழுக்க நீலத்தோடு மல்லுக்கட்டு. இருமல் மருந்து அட்டைப்பெட்டியின் நீலம், கம்பெனி கொடுத்த மாதிரியோடு ஒத்துப்போகவே இல்லை. திருப்பித் திருப்பி அனுப்பினேன். அந்த நீலத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டே வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து பேருந்துக்கு நடந்தேன். தெருமுனையில் பழைய படங்கள் விற்கும் கடை. கண்ணாடிக்குப் பின்னால் என் படம்.

என்னுடையதேதான். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, ஈரத்தாளில் அழுத்தி எடுத்தது. மகள் பிறப்பதற்கு முந்தைய வருடம். மொட்டைமாடி, துணிக்கொடி, காற்றில் உப்பிய இரண்டு போர்வைகள். ஓரத்தில் பென்சிலால் என் முதலெழுத்து மட்டும். யாரோ கறுப்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். விலைச்சீட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, வேற்றுவீட்டுப் பிள்ளை மாதிரி நின்றது.

உள்ளே போகக் கால் வரவில்லை.

மார்ச் 5

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்ம போர்வையா? கடையிலயா?" வாயில் இருந்த காப்பி புரையேறிவிட்டது அவருக்கு.

மார்ச் 8

போனேன். கடைக்காரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கப்பல் பிடிச்சிருக்காம்மா?"

கப்பலா?

"பாய்மரக் கப்பல்மா, ரெண்டு. விடியக்காலைல துறைமுகத்துல நிக்குது பாருங்க. இதைச் செஞ்சவங்க கடலோரமா தனியா இருந்தாங்க. கப்பல்ல போன ஒருத்தருக்காகக் காத்திருந்தே போய்ச் சேர்ந்துட்டாங்க. சின்ன வயசு, பாவம்."

நானும் 'உச்' கொட்டினேன். நிஜமாகவே வருத்தமாக இருந்தது. செத்துப்போனவள் நான்தான் என்பது படி இறங்கிய பிறகுதான் உறைத்தது.

"உயிரோடதான் இருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்கிறார் இவர். சொல்லியிருக்கலாம். கதை நன்றாக இருந்ததே!

மார்ச் 15

மறுபடியும் போனேன். கண், காது, மூக்கு வைத்துக் கதை வளர்ந்திருக்கிறது. இப்போது எனக்குக் கடலைப் பார்த்த வீடு, நீலக் கதவு, செருப்பில்லாமல் மணலில் நடக்கும் பழக்கம். பெரிய நகரங்களில் கண்காட்சிகள். (இரண்டே இரண்டு வைத்தேன், அதுவும் பத்துப் பேரோடு பதினொன்றாக.)

பேருந்தில் கண்ணை மூடினால் அந்த வீட்டுக்குள் இருக்கிறேன். சன்னல் கம்பியில் உப்பு பூத்திருக்கிறது. தகட்டைத் துடைக்கிறேன். வெளிச்சம் தரையில் ஊர்ந்து என் கால்வரை வருகிறது. இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 19

போர்வை மடிக்கும்போது கடல் வாசம். எங்கிருந்து?

மார்ச் 22

கடையில் ஒரு கணவன் மனைவி. படத்தை அவர்கள் கையில் கொடுத்து கடைக்காரம்மா சொன்னார்: "இதுதான் அவங்க கடைசிப் படம். இதுக்கப்புறம் ஒரு கோடுகூடப் போடலை."

அத்தனையும் புளுகு. இது ஒன்றுதான் நிஜம். எப்படி அகப்பட்டது அவருக்கு?

படத்தைத் துணியில் சுற்றி வாங்கிப் போய்விட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆணி மட்டும்.

என்னை யார் நிறுத்தச் சொன்னது? யாருமில்லை. கைக்குழந்தைக்கு அமில நெடி ஆகாது என்று தள்ளிவைத்தேன். சரி. அப்புறம் வேலை. அப்புறம் — அப்புறம் என்னடி? அவ பள்ளிக்கூடம் போனா, காலேஜ் போனா, கல்யாணமும் ஆயிடுச்சு. நாளைக்கு, நாளைக்குன்னு... எந்தக் கப்பல்காரனும் என்னை விட்டுட்டுப் போகலை. நானேதான் போயிட்டேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மார்ச் 24

அந்த நாளில் படம் அச்சடித்த பட்டறையில் கூட இருந்த 'யானை'க்குப் போன் போட்டேன். அச்சு உருளையை ஒற்றை ஆளாகச் சுற்றுவாள், அதனால் அந்தப் பெயர். இன்னும் சுற்றுகிறாளாம்.

"இத்தனை வருஷமா செத்தா போயிட்டே?"

"ஆமா," என்றேன்.

சிரிப்பு அடங்கியதும், "சனிக்கிழமை வா. தகடு தர்றேன்," என்றாள்.

மார்ச் 29

ஊசி பிடித்தேன். கோழி கிளறின மாதிரி கோடு. அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

"கைக்கு ஞாபகம் வரணும்ல? அவசரப்படுத்தாதே," என்றாள் யானை.

ஏப்ரல் 12

அந்தக் கடலோர வீட்டையே கீறுகிறேன். கதவு திறந்திருக்கிறது. உள்ளே நிழலில் ஒருத்தி. முகம் தெரிய வேண்டாம், ஆள் இருப்பது தெரிந்தால் போதும்.

ஏப்ரல் 26

கதவுக்கு மட்டும் நீல மை தடவினோம். தாளை மெல்ல உரித்தெடுத்தபோது மூச்சே விடவில்லை இரண்டு பேரும்.

ஏப்ரல் 27

இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். மேல் அட்டையைத் தூக்கியதும் கடைக்காரம்மா எழுந்தே விட்டார்.

"ஐயையோ, இது அவங்க வீடாச்சே! அப்போ அது கடைசிப் படம் இல்லையா? எங்கேம்மா கிடைச்சுது?"

நீலக் கதவை நோக்கி அவர் விரல் நீண்டது.

"பார்த்துத் தொடுங்க," என்றேன். "மை இன்னும் காயலை."