மஞ்சள் தண்ணீர் பட்ட மவுஸும் ஐந்து முக விளக்கும்

“ரெண்டே நிமிஷம், இதோ வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு வராமலே இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

சாப்பிட்டீர்களா என்று கேட்க வாய் வருகிறது. பழக்கதோஷம். நான் சாப்பிட்டேன். நேற்று வைத்த ரசமும் பொரித்த நெத்திலியும். ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. நம் புக்கிட் பெலிம்பிங் ஊர்ப் பூனைகளெல்லாம் நம் வீட்டுச் சோற்றில்தான் கொழுத்துக் கிடக்கின்றன.

முதலில் நல்ல செய்தி. நம் தேன்மொழிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ரவாங்கில் அவள் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சத்தம் போட்டுச் சிரிக்கிற பையன், உங்களுக்குப் பிடித்துப்போகும். கோயில் மண்டபம் எடுத்தாயிற்று. சுவர் அகலத்துக்கு ஒரு பெரிய திரை வைத்திருக்கிறார்கள், அதில் படமெல்லாம் ஓடுமாம். அதைக் கேட்டதுமே எனக்கு உங்கள் விளக்குதான் ஞாபகம் வந்தது.

மறந்திருக்க மாட்டீர்கள். கோலா சிலாங்கூரில் யார் வீட்டுக் கல்யாண கேசட்டைப் போட்டாலும் முதலில் உங்கள் குத்துவிளக்குதான் வரும். கறுப்புத் திரையில் நீங்கள் கம்ப்யூட்டரில் வரைந்த எரியாத விளக்கு. கீழே பெண் மாப்பிள்ளை பெயர். பிறகு ஐந்து முகமும் ஒவ்வொன்றாக எரியும். கடைசியில் ‘மணியம் வீடியோ’ என்று வந்து நிற்கும். தேன்மொழி பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது உங்கள் மடியில் ஏறிக்கொண்டு, “என் கல்யாணத்துக்கும் இதே வெளக்குதான் போடணும்பா” என்று அடம் பிடித்தாளே. நீங்களும் சரி என்று தலையாட்டினீர்கள்.

அந்த விளக்கு தானாக எரிகிறது என்றுதான் ஊரே நினைத்தது. நமக்குத்தானே தெரியும். நீங்கள் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு திரியாகக் கொண்டுபோய் அமுக்குவீர்கள், கறுப்பாக இருந்த சுடர் மஞ்சளாகும். நான் வீடியோ ரெக்கார்டர் பக்கத்தில் நிற்பேன். நீங்கள் “ம்” என்றால் பட்டனை அமுக்க வேண்டும், மறுபடி “ம்” என்றால் நிறுத்த வேண்டும். நம் குடும்ப வாழ்க்கையில் நான் உங்களுக்கு மறுபேச்சில்லாமல் அடங்கி நடந்தது அந்த “ம்” ஒன்றுக்குத்தான்.

வீடியோத் தொழில் நின்றுபோன பிறகும் அந்தக் கம்ப்யூட்டரை நீங்கள் விடவில்லை. முன்னறையில் அதன் எதிரில் உட்கார்ந்து மயில், கோபுரம், மாங்காய் என்று எதையாவது வரைந்துகொண்டே இருப்பீர்கள். சக்களத்தி என்றுதான் நான் அதைக் கூப்பிடுவேன், நீங்களும் சிரிப்பீர்கள். நீங்கள் போன பிறகு என் பழைய கைலி ஒன்றைப் போர்த்தி வைத்தேன். கூட்டும்போதெல்லாம், “என்னாடி, நீயும் தனியாத்தான் கெடக்கிறியா?” என்று கேட்பேன். வீட்டில் நான் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

மகளின் கல்யாணத்தில் அந்த விளக்கு எரிய வேண்டும். இந்த ஒன்றுதான் எனக்கு ஆசை. அவளிடம் சொல்லவில்லை. சனி ஞாயிறுதான் ரவாங்கிலிருந்து வருகிறாள், அதற்குள் முடித்துவிடலாம் என்று கைலியை எடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் சக்களத்தி முனகிக்கொண்டே எழுந்துவிட்டாள். டிஸ்க்கைப் போட்டேன், விளக்கும் வந்தது. மவுஸ்தான் அசையவே இல்லை.

காரணம் உங்கள் பெரியக்கா. உங்கள் கருமாதிப் படையலில் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் வைக்கச் சொன்னார்கள். ஆட்டுக்கறி, பீர், வெற்றிலை எல்லாம் வைத்துவிட்டு, நான்தான் அந்த மவுஸையும் இலை ஓரத்தில் வைத்தேன். பெரியக்கா எல்லாவற்றுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கை தாராளம் அவர்களுக்கு! மவுஸ் குளித்தே எழுந்தது. துடைத்துப் பெட்டியில் போட்டதோடு சரி, யார் கவனித்தோம்?

பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஆ செங்கிடம் காட்டினேன். மார்க்கெட் பக்கம் நீங்கள் கேசட் வாங்குவீர்களே, அதே சீனக் கடை ஆ செங். இப்போது ஹேண்ட்போன் பழுது பார்க்கிறார், தலையெல்லாம் வெள்ளை. மவுஸைத் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் மஞ்சள் துரு. “ஆண்ட்டி, இதுல கறி ஊத்துனீங்களா?” என்றார். நம்மோடு பழகி அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். படையலைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மவுஸை மெதுவாக மூடி, “சுடா மாத்தி லா, ஆண்ட்டி” என்றார். மலாயில் செத்துப்போச்சு என்கிறார். அந்த வார்த்தையை நான் ஆஸ்பத்திரியில் ஒருமுறை கேட்டது போதாதா? கடை வாசலில் நின்று அழுதுவிட்டேன்.

அவர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஒரு வழி இருக்குலா, அழுவாதீங்க” என்று சொல்லி விளக்கினார். இப்போது விற்கிற மவுஸை நம் கம்ப்யூட்டரில் நேராக மாட்ட முடியாதாம். வாயும் பொருந்தாது, பாஷையும் வேறு. நடுவில் மாட்ட ஒரு சின்ன அடாப்டர் இருக்கிறதாம், தீப்பெட்டி அளவுதான். புது மவுஸ் சொல்வதை அது வாங்கி, பழைய கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லுமாம். கல்யாணத் தரகர் வேலை என்று எனக்குப் புரிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார். வரவழைக்கச் சொன்னேன்.

அது வருவதற்குள் உங்கள் பெரியக்கா கோலா குபு பாருவிலிருந்து போன் செய்தார்கள். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்கள்: “பாக்கியம், மனசுல ஒன்னும் வச்சுக்காதம்மா. சபையில குத்துவெளக்க நானே ஏத்திர்றேன். நீ கொஞ்சம் பின்னால நின்னுக்க. ஊர் வாய்க்குப் பயந்துதான் சொல்றேன்.”

“சரி அண்ணி” என்றேன். வேறென்ன சொல்வது? அவர்கள் குரலும் உடைந்துதான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வலித்ததுங்க. பெற்று வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தில் ஒரு திரியைத் தொட எனக்குக் கை இல்லையா? நீங்கள் இருந்திருந்தால் ஒரு முறை முறைத்திருப்பீர்கள், பேச்சு அதோடு முடிந்திருக்கும். அன்றைக்கு வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது.

அடாப்டர் வந்ததும் ஆ செங் ஒரு புது மவுஸையும் சேர்த்துக் கொடுத்தார். மாட்டினேன். திரையில் அம்புக்குறி அசைந்தது, ஆனால் போகச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. குளிர் சுரம் வந்த மாதிரி நின்ற இடத்திலேயே வெடவெடவென்று நடுங்கியது. மறுபடி ஏதோ செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆ செங்குக்குப் போன் போட்டேன். “அடாப்டர் பக்கத்துல குட்டி சுவிட்ச் இருக்கு பாருங்க, ஆண்ட்டி. ரெண்டு மாதிரி பழைய கம்ப்யூட்டருக்கு ரெண்டு பக்கம். கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு, மத்தப் பக்கம் தள்ளுங்கலா” என்றார். ஊக்கு முனையால் தள்ளினேன். திரும்பவும் போட்டு மவுஸை நகர்த்தினால், அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது! ஏங்க, நான் கைதட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சொல்வதற்கு ஆள் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, நீங்கள் புள்ளி புள்ளியாக வரைந்ததுதான். எனக்கு வரைய வராது. பழைய கல்யாணங்களைத் திறந்து, தேவையான எழுத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, மவுஸால் தூக்கி வந்து வைத்தேன். தேன்மொழியின் ‘தே’ தேவகி கல்யாணத்திலிருந்து வந்தது. ‘மொழி’ கயல்மொழி கல்யாணத்திலிருந்து. உங்கள் பெயரைத்தான் எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை, ‘மணியம் வீடியோ’வில் முழுசாக இருந்தது. அழைப்பிதழில் அதற்கு முன்னால் ‘அமரர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் அதைச் சேர்க்கவில்லை. ‘மணியம் – பாக்கியம் தம்பதியரின் மகள்’ என்று மட்டும் வைத்தேன்.

நேற்று மத்தியானம் வெள்ளை வெயில். மைலோ பவுடர் டின்மேல் ஹேண்ட்போனைச் சாய்த்துத் திரையைப் பார்க்க வைத்தேன். இரண்டு ஆள் செய்த வேலையை ஒரு ஆள் செய்ய வேண்டும். நானே “ம்” சொல்லி ரெக்கார்டை அமுக்கினேன். மவுஸைப் பிடித்து முதல் திரிக்குக் கொண்டுபோனேன். மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன், இந்த நடுக்கத்துக்குச் சுவிட்ச் ஒன்றும் கிடையாது. அமுக்கினேன், எரிந்தது. ஐந்து முகமும் நான்தான் ஏற்றினேன், என் கையால்.

இன்று காலை கல்யாணத்துக்குப் படம் எடுக்கப்போகிற தம்பி வந்தார். அவரிடம் கேமரா பறந்தெல்லாம் படம் எடுக்குமாம். என் வீடியோவைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு உற்றுப் பார்த்தார். “செமையா இருக்கு ஆண்ட்டி. ஆனா ஸ்கிரீன் கண்ணாடியில உங்க மொகம் தெரியுது, பாருங்க. எடிட் பண்ணி எடுத்துறவா?”

பார்த்தேன். கறுப்புத் திரையில் உங்கள் விளக்கு. அதன் பக்கத்தில் வெளிறிப்போய் என் முகம், மூக்குக் கண்ணாடி, கலைந்த கொண்டை. ஒவ்வொரு சுடர் எரியும்போதும் குனிந்து அதையே பார்க்கிறேன்.

“எடுக்காத தம்பி, அப்படியே போடு” என்றேன்.

பெரியக்காவுக்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டேன். அன்றைக்குச் சபையில் நான் பின்னால்தான் நிற்பேன். திரை மட்டும் முன்னால் இருக்கும்.

உங்களுக்கும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சக்களத்தியை இனி போர்த்தி வைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை சாமி விளக்கை ஏற்றிவிட்டு நேரே முன்னறைக்கு வந்து இந்த விளக்கையும் ஏற்றுவேன். மவுஸை நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் “ம்” மட்டும் சொல்லுங்கள்.

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
தேன்மொழியின் அம்மா,
உங்கள் பாக்கியம்